டேவ் மாறிவிட்டாரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனின் ராப் கலைஞர் டேவ், நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, தம் மூன்றாவது ஆல்பத்தை 2025 அக்டோபர் 24 அன்று வெளியிட்டார். 'தி பாய் ஹூ பிளேய்ட் தி ஹார்ப்' (சுரமண்டலம் வாசித்த பையன்) என்பது அதன் பெயர். துள்ளலான பாட்டுகளால் நம் ஊர் இளைஞர்கள் வரைக்கும் தெரிந்திருந்த ஒருவர், பியானோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் தம்மைப் பற்றியே பேசத் தொடங்கியது ஏன் என்று கேட்டு மும்பை வாசகர்கள் எழுதிய கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

செம்பூர் வாசகி ஒருவர்: கல்லூரியில் படிக்கும் என் மகன், டேவும் சென்ட்ரல் சீயும் சேர்ந்து பாடிய 'ஸ்பிரிண்டர்' பாட்டை வீட்டில் ஓயாமல் ஓட விட்டுக்கொண்டிருந்தான். புதிய ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, 'இவர் கதை முடிந்துவிட்டது அம்மா' என்கிறான். எனக்கோ இப்போதுதான் அவர் பாடுவது காதுக்கு இதமாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதுதான் சரி என்பேன். ஆனால் இதமாக இருக்கிறது என்ற காரணத்துக்காக அல்ல. மகன் ஏமாந்துபோனதிலும் நியாயம் உண்டு. 2023 ஜூனில் வெளிவந்த 'ஸ்பிரிண்டர்' பிரிட்டனின் பாடல் பட்டியலில் 10 வாரங்கள் முதலிடத்தை விட்டு இறங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த 'ஸ்டார்லைட்' பாட்டும் முதலிடம் பிடித்தது. இந்த இரண்டின் வழியாக டேவை அறிந்தவர்கள், அடுத்து வரும் ஆல்பத்தில் அதே விருந்து பத்து இலைகளில் பரிமாறப்படும் என்று காத்திருந்தார்கள். வந்ததோ வேறு. 10 பாடல்களில், கால் தானாகத் தாளம் போடும் பாட்டு என்று சொல்லத்தக்கது நைஜீரியப் பாடகி டெம்ஸுடன் அவர் பாடியிருக்கும் 'ரெயின்டான்ஸ்' ஒன்றுதான்.

ஆனால் டேவின் ஆல்பங்களைத் தொடக்கத்திலிருந்து கேட்டு வந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருந்திருக்காது. டேவிட் ஓரோபோசா ஓமோரேகி என்னும் இயற்பெயர் கொண்ட இவர், 1998-இல் பிறந்து, தென் லண்டனின் ஸ்ட்ரெட்டம் பகுதியில் நைஜீரியப் பெற்றோரின் மூன்று மகன்களில் கடைசி மகனாக வளர்ந்தவர். 2017-இல், இருபது வயது நிறைவதற்கு முன்பே, அன்றைய பிரதமர் தெரசா மேயை நேரடியாக விளித்துக் கேள்வி கேட்கும் 'கொஸ்டின் டைம்' என்ற நீண்ட பாட்டை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டில், பாட்டு எழுதுபவர்களுக்குப் பிரிட்டனில் தரப்படும் ஐவர் நோவெல்லோ விருது கிடைத்தது. 2019-இல் வந்த முதல் ஆல்பமான 'சைக்கோடிராமா' முழுவதும் மனநல ஆலோசகர் ஒருவர் முன் அமர்ந்து பேசுவதுபோல் அமைந்தது. சிறையில் இருந்த அவருடைய அண்ணனுக்கு அளிக்கப்பட்ட நாடக வழிச் சிகிச்சையின் பெயரே அந்தத் தலைப்பு. அதில் 'லெஸ்லி' என்ற பாட்டு, துணைவனின் கொடுமையில் சிக்கிய ஒரு பெண்ணின் கதையை 11 நிமிடம் நிறுத்தாமல் சொல்கிறது. அந்த ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசையும், 2020-இல் பிரிட் விருதையும் பெற்றது. புதிய ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளில் ஒலிக்கும் ஆங்கிலப் பாடகர் ஜேம்ஸ் பிளேக்கின் குரலும் புதிதாக வந்து சேர்ந்ததல்ல. 2021-இல் வந்த இரண்டாம் ஆல்பத்திலேயே அவர் பாடியிருக்கிறார்.

ஆக, டேவ் புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. இருந்ததில் பாதியை எடுத்து வைத்துவிட்டார். சபையைப் பார்த்துப் பாடிய பாதி போய்விட்டது. தனக்குத் தானே பேசிக்கொண்ட பாதி மிச்சம் இருக்கிறது. இதைத் திசை மாற்றம் என்பதைவிடத் தேர்வு என்று சொல்வதே பொருந்தும். விற்பனை குறைந்து வேறு வழியின்றிச் செய்த தேர்வும் அல்ல. இந்த ஆல்பமும், முந்தைய இரண்டைப் போலவே, பிரிட்டனில் முதலிடத்துக்குச் சென்றது. மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். முகத்தைச் சுளிப்பார், ஆனால் 'லெஸ்லி'யைத் தேடிக் கேட்பார்.

தாராவியிலிருந்து ஒரு வாசகர்: ஆல்பத்தின் பெயரைப் பார்த்ததும் எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிறு பள்ளியில் படித்த தாவீதின் கதை நினைவுக்கு வந்தது. அதுதானா? இவர் பக்திப் பாடகராக மாறிவிட்டாரா?

அதே கதைதான். டேவின் முழுப் பெயரான டேவிட், தாவீதின் ஆங்கில வடிவம். சாமுவேலின் முதலாம் புத்தகம், 16-ஆம் அதிகாரம். ஆல்பத்தின் நான்காம் பாட்டுக்கு 'சாப்டர் 16' என்று அவர் பெயர் வைத்திருப்பதும் தற்செயல் அல்ல. சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டுக்குச் சென்று, மூத்த மகன்கள் எழுவரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, இன்னும் யாராவது உண்டா என்று கேட்கும்போது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைக்குட்டி அழைத்து வரப்படுகிறான், அபிஷேகம் அவனுக்கே. அதே அதிகாரத்தின் முடிவில், மனக்கலக்கத்தால் அவதிப்படும் சவுல் ராஜாவுக்கு ஆறுதலாக அந்தப் பையன் சுரமண்டலம் வாசிக்கிறான்.

என் கவனத்தை ஈர்த்தது இன்னொன்று. தாவீது என்றால் உலகம் முழுவதும் நினைத்துக்கொள்வது கோலியாத்தையும் கவண் கல்லையும்தான். அந்தச் சண்டை வருவது 17-ஆம் அதிகாரத்தில். ராப் கலைஞர் ஒருவர் தம்மைத் தாவீதாகக் கருதிக்கொண்டால் கவணைத்தான் எடுப்பார் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். இந்தத் துறையே எதிரியை வீழ்த்தியதைச் சொல்லிப் பெருமை பேசும் துறை. டேவ் ஓர் அதிகாரம் முன்னாலேயே நின்றுகொண்டு, சண்டைக்கு முந்தைய பையனைத் தேர்ந்துகொண்டிருக்கிறார். அரண்மனைக்குள் அழைக்கப்பட்டுவிட்டான், வாசிப்பது நோயாளியான ராஜாவுக்கு, தனக்கு அங்கே என்ன வேலை என்பது அவனுக்கே இன்னும் தெளிவாகவில்லை. புகழுக்குள் நுழைந்துவிட்ட ஓர் இளைஞனின் நிலையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடத்தை வேதாகமத்தில் கண்டுபிடிப்பது கடினம்.

பக்திப் பாடகர் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அவருடைய தந்தை ஒரு போதகர். ஆகவே வேத வசனம் அவருக்கு வீட்டு மொழி. அந்த மொழியில் அவர் பேசுவது பெரும்பாலும் சந்தேகத்தைத்தான். உங்கள் சபையின் இளைஞர் கூட்டத்தில் போட்டுக் காட்ட நினைத்தால், முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகர்: நாற்பது ஆண்டுகளாக சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு வருபவன் நான். பேரன் வற்புறுத்தியதால் இந்த ஆல்பத்தைக் கேட்டேன். இது பேச்சுதானே? இதில் சங்கீதம் எங்கே இருக்கிறது?

தாங்கள் தேடும் இடத்தில் இல்லை. ராகத்தைத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். ராப்பில் பெரும்பாலான வேலை சொல் எந்த இடத்தில் விழுகிறது என்பதில் நடக்கிறது. இப்படிச் சொன்னதும், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலோடு ஒப்பிடத் தோன்றும், பலரும் ஒப்பிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொன்னக்கோலில் சொற்கட்டுக்குப் பொருள் வேண்டியதில்லை. ராப்பில் பொருள் இல்லாவிட்டால் எதுவுமே இல்லை.

நம் யாப்பிலக்கணத்தில் அடியின் கடைசிச் சீர்கள் ஒலியால் ஒன்றிவருவதை இயைபு என்கிறோம் அல்லவா? ஆங்கில ராப்பின் அடித்தளம் அதுதான். டேவ் போன்றவர்கள் ஓர் அசை ஒன்றுவதோடு திருப்தி அடைவதில்லை; மூன்று நான்கு அசைகள் தொடர்ந்து ஒன்றும்படி எழுதுகிறார்கள். அப்படி ஒரு சந்தத்தைப் பிடித்துக்கொண்டால் எட்டு, பத்து அடிகள் வரை அதை விடுவதில்லை. முந்தைய பாட்டுகளில் தாளக்கருவியின் ஓசை பலமாக இருந்ததால் இந்த வேலை காதில் பாதிதான் விழுந்தது. இப்போது பல இடங்களில் பியானோ மட்டும் இருக்கிறது, அல்லது தாளம் மிகப் பின்னால் நிற்கிறது. மூச்சை எங்கே எடுக்கிறார், எந்தச் சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்துப் போடுகிறார் என்பதெல்லாம் வெளியே தெரிகிறது. மறைத்துக்கொள்ள இடமில்லாத பாட்டு முறை இது; சுமாராக எழுதுபவர் இதைத் தொட்டால் இரண்டாம் நிமிடத்திலேயே அம்பலப்பட்டுவிடுவார்.

பியானோவும் அவருக்கு அலங்காரம் அல்ல. 2020 பிரிட் விருது விழாவில் பியானோவின் முன் அமர்ந்து 'பிளாக்' என்ற பாட்டைப் பாடியவர், அந்த மேடைக்கென்றே எழுதிய அடிகளில் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சனை இனவாதி என்று நேராகச் சொன்னார். குரலை உயர்த்தாமல் கடுமையாகப் பேசும் வித்தை அவருக்கு அப்போதே கைவந்திருந்தது.

முலுண்டிலிருந்து ஒரு வாசகர்: 'சாப்டர் 16' பாட்டில் டேவுடன் பேசும் கேனோ என்பவர் யார்?

டேவின் தலைமுறைக்கு வழி போட்டுக் கொடுத்தவர்களில் ஒருவர். 2000-களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் உரிமம் இல்லாத வானொலி நிலையங்களிலும் 'கிரைம்' என்ற வேகமான ராப் பாணி பிறந்தது. (குற்றச் செய்திகளில் வரும் கிரைம் அல்ல இது.) நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தட்டுகள், அதன் மேல் மூச்சு விடாமல் பொழியும் சொற்கள். ஈஸ்ட் ஹாமைச் சேர்ந்த கேனோ அந்தப் பாணியில் வளர்ந்து, 2005-இல் தம் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது டேவுக்கு வயது 7. பின்னாளில் 'டாப் பாய்' தொடரில் இருவரும் நடித்திருக்கிறார்கள். கேனோ அதில் சல்லி, டேவ் மோடி.

பாட்டு இருவரின் உரையாடலாகவே செல்கிறது. இளையவர் கேட்கிறார், மூத்தவர் பதில் சொல்கிறார். கேலியும் உண்டு, மரியாதையும் உண்டு. சாதித்துவிட்ட பிறகு இந்தத் தொழிலில் எதற்காக நீடிப்பது, குடும்பம் என்று ஒன்று வேண்டாமா என்பதுபோன்ற பேச்சு. நம் வீடுகளில் கல்யாணம் ஆகாத தம்பியை அண்ணன் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்பாரே, அந்தத் தொனி. ராப்பில் இரண்டு பேர் சேர்ந்தால் யார் பெரியவர் என்ற போட்டிதான் வழக்கம். இங்கே ஒருவர் முழுதாகப் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாட்டு இதுவே.

அந்தேரியிலிருந்து ஒரு வாசகி: என் மகளுக்குப் பதினைந்து வயது. இந்த ஆல்பத்தைக் கேட்க விடலாமா? கெட்ட வார்த்தைகள் வருகின்றனவே.

வருகின்றன. அவற்றை அவர் பள்ளிக்கூட வாசலிலேயே கேட்டிருப்பார் என்பது என் ஊகம். நான் கவலைப்படுவதானால் 'ஃபேர்சைல்ட்' என்ற பாட்டைப் பற்றித்தான் கவலைப்படுவேன்; கேட்கக் கூடாது என்பதற்காக அல்ல, தனியாகக் கேட்க வேண்டாம் என்பதற்காக. பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பற்றிய பாட்டு அது. நிக்கோல் பிளாக் என்ற இளம் கலைஞர், இரவில் வீடு திரும்பும் ஒரு பெண்ணின் நிலையிலிருந்து அச்சம் படிப்படியாக ஏறுவதைச் சொல்கிறார். பிறகு டேவ், குற்றவாளியை மட்டும் சுட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ளாமல், நண்பர்களின் பேச்சைக் கேட்டுச் சிரித்தவன், பார்த்தும் பேசாமல் இருந்தவன் என்ற முறையில் ஆண்களின் வரிசையில் தம்மையும் நிறுத்திக்கொள்கிறார். இரவில் லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில் காவலர் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும் நகரத்தில் வளரும் பெண்ணுக்கு இந்தப் பாட்டை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மகன் இருந்தால் அவனையும் உடன் உட்கார வையுங்கள் என்றே சொல்வேன்.

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகர்: ராப் கலைஞர்கள் இப்படிப் பாதை மாறுவது பிரிட்டனில் வழக்கம்தானா? மாறியவர்கள் பிழைத்தார்களா?

வழக்கம்தான். கிழக்கு லண்டனைச் சேர்ந்த பிளான் பி, 2006-இல் கிதாரை வைத்துக்கொண்டு கொடூரமான தெருக்கதைகளை ராப்பாகப் பாடியவர், 2010-இல் கோட்டும் டையும் அணிந்து பழைய சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உருக்கமான பாட்டு முறை) பாணிப் பாடகராக வந்து நின்றார். 'தி டிஃபமேஷன் ஆஃப் ஸ்ட்ரிக்லண்ட் பேங்க்ஸ்' என்ற அந்த ஆல்பம் முதலிடம் பிடித்தது. 2012-இல் மறுபடியும் ராப்புக்குத் திரும்பினார். அது வேடம் மாற்றியது போன்ற மாற்றம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

டேவுக்கு நெருக்கமான உதாரணம் ஸ்டார்ம்சி. 2017-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம், பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கிரைம் ஆல்பம். 2019-இல் கிளாஸ்டன்பரி இசை விழாவின் முதன்மை மேடையில் ஓர் இரவின் நிறைவு நிகழ்ச்சியை நடத்தினார். அந்த உயரத்திலிருந்து 2022-இல் 'திஸ் இஸ் வாட் ஐ மீன்' என்ற ஆல்பத்தோடு இறங்கி வந்தபோது, அதில் சண்டைப் பாட்டுகளைவிடக் காதலும் துதியும் மிகுந்திருந்தன. எசெக்ஸ் கரையோரம் உள்ள ஓசி தீவில் இசைக்கலைஞர்களோடு கூடித் தங்கி அதில் பெரும்பகுதியை உருவாக்கினார். அவருடைய முதல் ஆல்பத்திலேயே, 'பிளைண்டட் பை யுவர் கிரேஸ்' என்ற துதிப்பாட்டு இரண்டு பகுதிகளாக இருந்தது என்பதை மறந்தவர்கள்தான் வியந்தார்கள்.

ஈழத் தமிழ் வேர்கள் கொண்ட லண்டன் ராப் பாடகி, நம் எம்.ஐ.ஏ.வைச் சொல்லாமல் விட்டால் கடிதம் எழுதுவீர்கள். 2007-இல் வந்த அவருடைய இரண்டாம் ஆல்பமான 'கலா'வுக்காகச் சென்னைக்கு வந்து, உருமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். அவர் மாறியது ஓசையில். டேவும் ஸ்டார்ம்சியும் மாறியது தொனியில். பிழைத்தார்களா என்றால், நால்வருமே பிழைத்தார்கள்.

தாராவி லேபர் கேம்ப்பிலிருந்து ஓர் இளம் வாசகர்: நானும் நண்பர்களும் தமிழில் ராப் எழுதுகிறோம். வேகமாகப் பாடினால்தான் ஆட்கள் கைதட்டுகிறார்கள். டேவைப் போல மெதுவாகப் பாடினால் இங்கே யாராவது கேட்பார்களா?

உங்கள் பகுதியிலிருந்து கிளம்பிய டோப்பாடெலிக்ஸ் குழுவினரின் குரல் 2018-இல் 'காலா' படப் பாடல்களின் வழியாகத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. ஆகவே தாராவித் தமிழுக்குக் காது கொடுப்பவர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. மெதுவான பாட்டுக்கு இருக்கிறார்களா என்பது எழுத்தைப் பொறுத்தது.

டேவிடமிருந்து உச்சரிப்பையும் கையசைவையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்கும் பொறுமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தமிழில் வாக்கியம் வினைமுற்றில் முடிவதால், 'வருகிறேன், போகிறேன், பார்க்கிறேன்' என்று இயைபு கேட்காமலே வந்து கொட்டிவிடும். வேகமாகப் பாடும்போது இந்தச் சுலபம் தெரியாது. வேகத்தைக் குறைத்ததும் நான்கு அடிக்குள் சலித்துப்போகும். வினையை அடியின் நடுவுக்குத் தள்ளிப் பெயர்ச்சொல்லில் முடியுங்கள். அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு எளிதில் கிடைக்காத வசதி அது, நமக்கோ பரம்பரைச் சொத்து. ஒரே பாட்டை வேகமாக ஒருமுறையும், தாளமே இல்லாமல் ஒருமுறையும் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் முறையில் எந்த அடியில் உங்களுக்கே கூச்சம் வருகிறதோ அதை அடித்துவிடுங்கள்.

சயான் வாசகி ஒருவர்: எல்லாரும் புகழ்கிறார்கள். குறையே இல்லையா?

ஏன் இல்லை? நான்கு ஆண்டு காத்திருப்புக்கு 10 பாடல்கள் குறைவு என்று முணுமுணுப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஆனால் அந்தப் பத்தில் நடுப்பகுதிப் பாட்டுகள் ஒரே நடையில் செல்வதால், முதல்முறை கேட்பவருக்கு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது தெரியாமல் போகிறது. 'செல்ஃபிஷ்' பாட்டில் ஜேம்ஸ் பிளேக்கின் குரல் டேவின் சொற்களைப் போர்த்தி மூடிவிடுகிறது. 'மை 27த் பர்த்டே' பாட்டில் தன்னைத் தானே குடையும் வேலை ஓர் எல்லைக்கு மேல் போய், புகழின் பாரத்தைப் பற்றிப் புகழுடையவர் பேசும்போது நமக்கு ஏற்படும் அந்தப் பழைய அலுப்பைத் தருகிறது.

பெரிய குறை தலைப்புப் பாட்டில், அதாவது ஆல்பத்தின் இறுதிப் பாட்டில் இருக்கிறது. முந்தைய தலைமுறைகளில் பிறந்திருந்தால், உலகப்போரின்போதோ கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின்போதோ வாழ்ந்திருந்தால், தான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன், வாயைத் திறந்திருப்பேனா என்று டேவ் தன்னையே கேட்டுக்கொள்கிறார். இன்று நடப்பவற்றைப் பற்றிப் பேசத் தயங்கும் தன் மௌனத்தையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆல்பம் முழுவதும் அடக்கி வைத்த குரல் கூர்மையாகும் இடம் அது. ஆனால் அந்தக் கேள்வியின் முன் நம்மை உட்கார வைத்தவர், நாம் யோசித்து முடிப்பதற்குள் தாவீதின் கதையைத் துணைக்கு அழைத்து, தன் பெயரிலேயே தனக்கு ஒரு விடையைக் கண்டுகொண்டு எழுந்துவிடுகிறார். கேள்வியை எழுப்ப அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியையாவது விடைக்குக் கொடுத்திருக்கலாம்.